பாதையும் பலகையும்: மாத்தளைச் சிறுவணிகரும் விளம்பரச் செலவும்

கண்டியிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 பெருந்தெரு மாத்தளை மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கின்றது. மாத்தளை, பலாபத்வல, நாலந்தா, நாவுல, தம்புள்ளை ஆகிய ஊர்கள் இத்தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. கோப்பிக் காலத்திலே தொழிலாளரையும், பின்னர் உல்லாசப் பயணிகளையும், இன்று கூரியர்ப் பொதிகளையும் சுமந்துவரும் இப்பாதையின் ஓரத்திலேதான் மாவட்டத்துச் சிறுவணிகத்தின் பெரும்பகுதி வளர்ந்துள்ளது. அண்மைக் காலத்தில் இதற்கு இணையாக மற்றுமொரு பாதை திறந்துள்ளது. அது கைத்தொலைபேசித் திரையில் ஓடுவது. மிளகும் கறுவாவும் பொதிசெய்து விற்கும் குடும்பத்தினரும், பற்றிக் துணி விற்போரும், சிகிரியாவுக்கு அண்மையில் வீட்டறைகளை வாடகைக்கு விடுவோரும் முகநூலிலே பக்கம் திறந்து, கட்டணம் செலுத்தி விளம்பரம் செய்கின்றனர். இச்செலவு அவர்களுக்குப் பலன் தருகின்றதா என்னும் வினா இன்று பரவலாக எழுப்பப்படுகின்றது. வினா புதிதாகத் தோன்றினும் அதன் அடிப்படை பழையது. வாங்குபவரைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு என்ன கொடுக்கவேண்டும், கொடுத்தபின் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்பதே அது. இவ்வினாவுக்கு இப்பாதையின் வரலாறு ஏற்கனவே சில விடைகளைத் தந்துள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாத்தளைக் குன்றுகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காடுகளினூடே நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் இவ்வடபாதையில் மாண்டவர் பலர். இவர்களைத் திரட்டி அழைத்துவந்த கங்காணி, வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்றான். ஆளொன்றுக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு, ஆளைக் கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கும் முறை இப்பாதைக்குப் புதிதன்று என்பதைக் காட்டுவதற்காகவே இச்செய்தி இங்கு நினைவுகூரப்படுகின்றது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1880-இலாகும். கோப்பியை ஏற்றிச்செல்லவென எதிர்பார்க்கப்பட்ட அப்புகையிரதம் வந்து சேர்ந்தபோது, 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்திக்கொண்டிருந்தது. கோப்பி நின்ற நிலங்களைத் தேயிலையும் கொக்கோவும் ஏலமும் இறப்பரும் பிடித்துக்கொண்டன. ஆயினும் புகையிரத நிலையத்தைச் சூழ்ந்து ஒரு கடைவீதி உருவாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நடத்திய அக்கடைகள் சுற்றியிருந்த தோட்டங்களையும் கிராமங்களையும் நம்பி வாழ்ந்தன.

இக்கடைகள் எவ்வாறு விளம்பரம் செய்தன? பெரும்பாலும் செய்யவேயில்லை எனலாம். பெருந்தோட்டப் பட்டினங்களிற் கடைக்காரரையும் தோட்டத்து மக்களையும் பிணைத்தது கடன் கொப்பியாகும். சம்பளநாள் வரை அரிசி, மா, கருவாடு, துணி ஆகியன கொப்பியிற் பதிந்து கொடுக்கப்படும். சம்பளநாளன்று கணக்குத் தீர்க்கப்படும். மறுநாள் மீண்டும் கடன் தொடங்கும். இவ்வுறவிற் சுரண்டல் இல்லாமற் போகவில்லை. எழுத்தறியாதவரின் கொப்பியில் எழுதப்பட்டவை எல்லாம் அவர் வாங்கியவைதாமா என்பதைச் சரிபார்க்க வழி இருக்கவில்லை. எனினும் வணிக நோக்கில் இது குறிப்பிடத்தக்க ஓர் ஏற்பாடாகும். ஒருமுறை கொப்பியிற் பெயர் எழுதப்பட்டவர் ஆண்டுக்கணக்கில் அதே கடைக்கு வந்தார். அவரை மீண்டும் மீண்டும் அழைப்பதற்குக் கடைக்காரர் எவருக்கும் எதுவும் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. வாடிக்கை என்ற சொல்லின் முழுப்பொருளையும் அக்கொப்பி தாங்கியிருந்தது.

ஒலிபெருக்கி பூட்டிய வாகனமும், திரையரங்கிற் படம் தொடங்குமுன் காட்டப்படும் கண்ணாடிச் சில்லும், சுவரொட்டியும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தன. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-இல் ஆரம்பமாயிற்று. இந்திய வானொலி 1967 வரை விளம்பரங்களை ஏற்காமையால், இந்தியப் பொருள்களின் விளம்பரங்களும் கொழும்பிலிருந்தே ஒலித்தன. ஆயினும் சவர்க்காரமும் பற்பசையும் செய்த பெரு நிறுவனங்களுக்கு ஏற்ற ஊடகமாக அது இருந்ததேயன்றி, றத்தோட்டையிலே கடை வைத்திருந்தவருக்கு எட்டுவதாக இருக்கவில்லை. அவர் கொடுத்த ஒரே அச்சு விளம்பரம் கோயில் தேர்த்திருவிழா மலரிலோ, பாடசாலைச் சஞ்சிகையிலோ, பல்கலைக்கழகச் சங்க மலர்களின் பின்பக்கங்களிலோ நல்வாழ்த்துக்களுடன் இடம்பெற்ற அரைப்பக்கந்தான். அதனால் ஒரு முழத் துணியேனும் கூடுதலாக விற்கும் என அவர் எண்ணியிருக்கமாட்டார். பணம் திரட்ட வந்த மாணவரைத் தட்டிக்கழிக்க மனமில்லாத நல்லெண்ணமே அங்கு அச்சேறியது. மாணவர் சங்கங்கள் இந்நல்லெண்ணத்திலேயே இன்றும் பெரிதும் தங்கியுள்ளன என்பதை இம்மலர்களைப் புரட்டுவோர் அறிவர்.

விளம்பரத்துக்கென மலையகத்திலிருந்து பெருந்தொகை செலவிடப்பட்டது வேறொரு தளத்தில் நிகழ்ந்தது. தேயிலைத் தோட்டத்துரைமார் 1890-களில் ஏற்றுமதித் தேயிலை மீது ஒரு சிறு வரியைத் தாமே கேட்டுப்பெற்று, அப்பணத்தைக்கொண்டு வெளிநாடுகளில் இலங்கைத் தேயிலையைப் பிரசித்தப்படுத்தினர். 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைக்கெனத் தனி மண்டபம் எழுந்தது. 1932-இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. இவ்வேற்பாட்டிற் கவனிக்கத்தக்க இயல்பு ஒன்றுண்டு. ஒரு தோட்டத்தின் தேயிலை மற்றொரு தோட்டத்தின் தேயிலையோடு விளம்பரத்திற் போட்டியிடவில்லை. எல்லாரும் இறாத்தலுக்கு இவ்வளவு எனக் கொடுத்தனர். நாட்டின் பெயர் விளம்பரமாயிற்று. தேநீர் அருந்தப் பழகியவர் நாள்தோறும் அருந்தினார். ஒருவரை ஒருமுறை வென்றெடுத்தால் அவர் ஆயுட்காலம் முழுவதும் வாங்குவார் என்னும் நிலையில் விளம்பரச் செலவு ஈடாகும். அதன் பயன் கொழுந்து பறித்தவரின் கூலியில் எவ்வளவு சேர்ந்தது என்பது வேறு வினா. கூட்டு நிதி எப்போதும் நற்பலன் தரும் என்று கொள்வதற்குமில்லை. 2010-இல் ஏற்றுமதித் தேயிலையில் கிலோ ஒன்றுக்கு 3.50 ரூபா வீதம் விதிக்கப்பட்ட மேம்பாட்டு வரியின் பணம், உலகளாவிய பிரசாரம் தொடங்காமலே ஆண்டுக்கணக்காகத் தேங்கிக் கிடந்தது.

சிறு கடைக்காரருக்குரிய மிகப் பழைய விளம்பரம் பெயர்ப்பலகையாகும். அதற்குச் செலவு ஒருமுறைதான். ஆனால் இலங்கைத் தமிழ் வணிகரைப் பொறுத்தவரை அச்செலவு பணத்தோடு முடியவில்லை. 1956-இல் அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறியதைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சிகளில், 1958-இல் தென்னிலங்கையின் பல இடங்களில் தமிழெழுத்துப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. 1983 யூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்குதலுக்கு இலக்காயிற்று. வாங்குபவருக்கு வழிகாட்டிய பலகை, எரிக்க வந்தவருக்கும் வழிகாட்டிற்று. கடையின் பெயரை எந்த மொழியில், எவ்வளவு பெரிதாக எழுதுவது என்பது ஒரு வணிகரின் விளம்பரத் தீர்மானமாக மட்டும் இருக்கவில்லை என்பதை இம்மாவட்டத்துச் சிறுவணிகம் பற்றி எழுதுவோர் மறத்தலாகாது. முகத்தைக் காட்டாது பொருளை மட்டும் காட்டி விற்கக்கூடிய இணையவழி வணிகம் சிறுபான்மையினர் பலரை ஈர்த்தமைக்கான காரணங்களைத் தேடுமிடத்து, இவ்வனுபவமும் கணக்கிற் கொள்ளப்படல் வேண்டும்.

இனி, மாத்தளைக்கே உரியதாகிவிட்ட ஒரு வணிகத்தை நோக்குவோம். அதுவே வாசனைத் திரவியத் தோட்டம். மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா, ஏலம், வனிலா, கொக்கோ ஆகியன விளைவதற்கு ஏற்ற மண்ணும் மழையும் இம்மாவட்டத்துக்கு உண்டு. 1972-இல் நிறுவப்பட்ட சிறு ஏற்றுமதிப் பயிர்கள் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே அமைந்தது. மறுபுறம், 1966-இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை சட்டத்தின்மூலம் உருவாக்கப்பட்டதன்பின் வெளிநாட்டார் வருகை பெருகலாயிற்று. சிகிரியா 1982-இலும் தம்புள்ளைக் குகைக் கோயில் 1991-இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. கண்டிக்கும் இவ்விடங்களுக்குமிடையே நாள்தோறும் வாகனங்கள் ஓடின. ஓடும் வாகனத்தை இடைவழியில் நிறுத்தச் செய்தாற் போதும் என்னும் எண்ணத்தில் ஏ-9 தெருவின் இருமருங்கிலும் தோட்டங்கள் முளைத்தன.

ஒரு தோட்டத்துக்குள் நிகழ்வது ஏறத்தாழ எல்லாத் தோட்டங்களிலும் நிகழ்வதே. பயணிக்குக் கட்டணமின்றி மூலிகைத் தேநீர் வழங்கப்படும். மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை தொங்கும். பிரெஞ்சோ ஜேர்மனோ பேசத் தெரிந்த இளைஞர் ஒருவர் இலையைக் கசக்கி முகரக் கொடுத்து, அதன் மருத்துவக் குணங்களை விரித்துரைப்பார். தோளையும் தலையையும் பிடித்துவிடுவாரும் உளர். வெளியேறும் வழி கடையினூடாகவே அமைந்திருக்கும். அங்குள்ள எண்ணெயும் பொடியும் மாத்தளைச் சந்தை விலையைக் காட்டிலும் பல மடங்கு உயர்ந்தவை. இவ்விலையைக் கண்டு பேராசை எனப் பயணிகள் கூறுவதுண்டு. அவர்கள் கையேடுகளும் அவ்வாறே எச்சரிக்கின்றன. ஆயின் அவ்விலையின் பெரும் பங்கு தோட்டக்காரரிடம் தங்குவதில்லை. வாகனத்தை எந்தத் தோட்டத்தின் முன் நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் சாரதி அல்லது வழிகாட்டி. அவருக்குரிய தரகு, பயணி வாங்கும் பொருளின் விலையிலேயே அடங்கியுள்ளது. அடுத்த தோட்டம் கூடுதலான தரகு கொடுத்தால் வாகனம் அங்கே நிற்கும். ஆகவே இத்தோட்டமும் கூட்டிக் கொடுக்கவேண்டும், விலையையும் கூட்டவேண்டும்.

இங்கு தோட்டத்தின் தரமோ பொருளின் தூய்மையோ போட்டியைத் தீர்மானிப்பதில்லை. பிரான்சிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்தவர் மீண்டும் இப்பாதையில் வருவது அரிது. ஒருமுறை மட்டுமே வாங்குபவரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிடிக்கவேண்டியிருப்பதாலும், பிடித்துக் கொடுப்பவர் ஒருவரே பல தோட்டங்களுக்கும் பொதுவானவராக இருப்பதாலும், தோட்டக்காரர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விட்டுக்கொடுப்பதெல்லாம் அவர் கைக்கே போய்ச் சேர்கின்றது. தோட்டங்கள் அனைத்தும் கூடித் தரகை இரட்டித்தாலும் சிகிரியா பார்க்க வரும் பயணிகளின் தொகை ஒன்றினாலேனும் கூடப்போவதில்லை. கடன் கொப்பியை வைத்திருந்த கடைக்காரருக்கும் இத்தோட்டக்காரருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னவர் வாங்குபவரைத் தம் கையில் வைத்திருந்தார். பின்னவருடைய வாங்குபவர் வேறொருவர் கையில் இருக்கின்றார்.

முகநூல் 2004-இல் தொடங்கியது. நிறுவனங்களுக்கான பக்கங்களும் விளம்பர முறையும் 2007-இல் அறிமுகமாயின. தொடக்க ஆண்டுகளில் அது சிறுவணிகருக்கு வாய்த்த அரியதொரு சந்தையாகவே தோன்றிற்று. பக்கம் திறப்பது இலவசம். விரும்பிச் சேர்ந்தவர் அனைவருக்கும் செய்தி போய்ச்சேரும் என நம்பப்பட்டது. அந்நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. ஓகில்வி விளம்பர நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட வணிகப் பக்கங்களை ஆராய்ந்து, கட்டணமின்றி இடப்பட்ட ஒரு செய்தி 2013 ஒக்டோபரில் அப்பக்கத்தைப் பின்தொடர்வோரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரையும், 2014 பெப்ரவரியில் ஆறு பேரையுமே சென்றடைந்தது எனக் காட்டியது. பல ஆண்டுகள் முயன்று சேர்த்த தம் சொந்த வாடிக்கையாளரிடம் பேசுவதற்கே வணிகர் கட்டணம் கொடுக்கவேண்டியதாயிற்று. தெருவோரத்தில் இலவசமாகக் கடை போட இடம் கொடுத்து, கூட்டம் சேர்ந்தபின் வாசலில் வரி வாங்கும் சந்தைக் குத்தகைக்காரரின் செயலை இது ஒத்தது.

இக்கட்டணம் குறித்த விலையாக இல்லாது ஏலத்தின் மூலம் தீர்மானிக்கப்படுகின்றது. ஏலம் விளையும் நாட்டவருக்கு இந்த ஏலம் எளிதிற் பிடிபடுவதில்லை. ஒருவர் திரையைத் திறக்கும் கணத்தில், அவர் கண்ணிற் படுவதற்காகப் பல விளம்பரதாரர் குறித்த தொகைகள் ஒப்பிடப்படுகின்றன. கூடிய தொகை குறித்தவரே எப்போதும் வெல்வார் என்பதில்லை. பார்ப்பவர் அதனை விரும்பக்கூடுமா என்னும் மதிப்பீடும் சேர்த்துக் கணிக்கப்படும். ஆகவே மனங்கவரும் சிறு விளம்பரமொன்று பெரு நிறுவனத்தின் விளம்பரத்தை முந்துவதற்கும் வாய்ப்புண்டு. நியாயமான இவ்வம்சத்தைக் கூறாது விடுவது தகாது. வானொலிக்கும் நாளிதழுக்கும் எட்டாதிருந்த றத்தோட்டை வணிகர் சில நூறு ரூபாவுடன் கொழும்பிலோ தொரொன்ரோவிலோ உள்ளவரின் முன் தம் பொருளை வைக்கலாம் என்பது இதற்கு முன் வரலாற்றில் இல்லாத வசதியாகும். ஆனால் ஒரே மிளகை விற்பவர் பலர் ஒரே கண்களை நாடும்போது ஏலத்தொகை ஏறும். ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் அது மேலும் ஏறும். ஏறிய தொகை சாரதிக்குப் பதிலாகக் கலிபோர்னியாவைச் சென்றடைகின்றது என்பதே வேறுபாடு. முகநூலில் விளம்பரம் செய்வோர் தொகை 2020-இல் ஒரு கோடியைக் கடந்தது. அவர்களுள் மிகப் பெரிய நூறு பேர் செலுத்தியது மொத்த விளம்பர வருமானத்தில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு என அந்நிறுவனமே 2019-இல் அறிவித்திருந்தது. மீதியின் பெரும்பகுதி ஏனைய சிறிய, நடுத்தர வணிகரிடமிருந்து திரண்டது.

இச்செலவு மீளுமா என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினாற் காணலாம். வாசனைத் திரவியப் பொதி ஒன்றின் விலை 1,500 ரூபா எனவும், பொருளுக்கு 900 ரூபாவும் பொதிசெய்து அனுப்ப 350 ரூபாவும் செல்லும் எனவும் கொள்வோம். பொதிக்கு மிஞ்சுவது 250 ரூபா. 1,000 ரூபா விளம்பரத்தில் ஐந்து கட்டளைகள் வந்தால் விற்பனை 7,500 ரூபா. இதனை மட்டும் பார்ப்பவர் செலவு ஏழரை மடங்காகத் திரும்பியது என மகிழ்வார். திரையிற் காட்டப்படும் கணக்கும் பெரும்பாலும் இவ்வகையினதே. உண்மையில் மிஞ்சுவது 1,250-இல் விளம்பரம் போக 250 ரூபா. இலங்கையில் இணையவழி வாங்குவோர் பலர் பொருள் கைக்கு வந்தபின்னரே பணம் கொடுப்பர். ஐவரில் ஒருவர் கதவைத் திறக்காது விட்டால் பொதி திரும்பி வரும். அனுப்பிய செலவு விற்றவரையே சாரும். அப்போது நால்வரிடம் பெற்ற 1,000 ரூபா விளம்பரத்துக்கே சரியாகி, 350 ரூபா நட்டம் எஞ்சும். அந்நால்வருள் இருவர் விளம்பரம் எதுவுமின்றி அடுத்த மாதங்களில் இருமுறை வாங்குவாராயின் மேலும் 1,000 ரூபா சேர்ந்து, முடிவில் 650 ரூபா இலாபமாகும். விளம்பரம் முதற் கட்டளையில் ஈடாகவில்லை. ஈடாவதாயின் இரண்டாவது கட்டளையிலேயே ஈடாகின்றது.

ஆகவே எப்பொருள் விற்கப்படுகின்றது என்பதே முதன்மை பெறுகின்றது. சமையலறையில் மாதந்தோறும் தீரும் மிளகாய்த்தூளுக்கும் கறுவாவுக்கும் இச்செலவு பொருந்தலாம். ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கப்படும் சுவர்த்திரைக்கும், ஒருமுறை மட்டும் தங்கிச் செல்லும் பயணியின் அறைக்கும் அவ்வாறு பொருந்தாது. சிகிரியாச் சூழலில் வீட்டறை வாடகைக்கு விடுவோர் பதிவுத் தளங்களுக்குப் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து அளவில் தரகு கொடுக்கின்றனர். தங்கியவருக்கு மட்டுமே தரகு என்பதால் அதிற் கண்மூடிச் செலவிடும் இடர் இல்லை. ஆனால் தளத்திற் பெயர் மேலே தெரிவதற்கு மேலும் தள்ளுபடி, மேலும் தரகு எனப் போட்டி தொடங்குமிடத்து வாசனைத் தோட்டக்காரரின் கதையே மீண்டும் நிகழ்கின்றது. மாறாக, அலுவிகாரையில் 1980-களிலிருந்து எனா டி சில்வாவின் வழிகாட்டலில் இயங்கிய மரபுரிமை நிலையத்தின் பற்றிக் வேலைப்பாடுகள், ஆக்கியோரின் பெயராலும் பார்த்தவர் வாய்ச்சொல்லாலுமே அறியப்பட்டன. அத்தகைய பெயரைத் தேடிக்கொள்ள ஒரு வாழ்நாள் வேண்டும் என்பதும், எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை என்பதும் உண்மையே.

விளம்பரத்தின் பயனை அளவிடுவது பெரு நிறுவனங்களுக்கே கடினமாக இருந்துள்ளது. இணைய ஏல நிறுவனமான ஈபே 2012-இல் தேடுபொறிகளில் தன் பெயருக்குக் கொடுத்துவந்த விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. வருவோர் தொகை ஏறத்தாழக் குறையவேயில்லை. கட்டணமில்லா இணைப்பின் வழியாக அவர்கள் வந்து சேர்ந்தனர். பிளேக், நொஸ்கோ, ததேலிஸ் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட இவ்வாய்வு, ஈபேயை அதிகம் அறியாத புதியவரிடத்து விளம்பரம் பயன்பட்டதையும் காட்டியது. அதே ஆண்டில் லூயிஸ், ராவ் என்போர் இருபத்தைந்து பெருங் கள ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, பல இலட்சம் பேரை உள்ளடக்கிய ஆய்வுகளிலும் இலாபத்தையும் நட்டத்தையும் பிரித்தறிவது மிகக் கடினம் என முடிவுசெய்தனர். ஒருவர் வாங்குவதும் வாங்காமல் விடுவதும் வேறு எத்தனையோ காரணங்களால் மாறுபடுவதே இதற்கு ஏது. அவ்வாறாயின், மாதம் முப்பது பொதி அனுப்பும் வணிகர் தம் விளம்பரம் பயன்பட்டதா என்பதைத் திரையிற் காட்டும் எண்களைக்கொண்டு அறிந்துவிட முடியாது. அவ்வெண்களைத் தருபவரும் விளம்பரத்தை விற்பவரும் ஒருவரே என்பதும் நோக்கற்பாலது. வாசனைத் தோட்டத்தின் சாரதியேனும் பயணியை நேரில் இறக்கிக் காட்டினார்.

2023-இல் டாய், கிம், லூக்கா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு சிறுவணிகருக்குச் சற்று ஆறுதல் தருவதாகும். யெல்ப் தளத்தில் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உணவகங்களுள் ஒரு பகுதியினருக்கு இலவசமாக விளம்பரம் கொடுத்துப் பார்த்தபோது, கிளைகள் பல கொண்ட பெரிய உணவகங்களைவிடத் தனித்தியங்கும் உணவகங்களும், முன்னரே நற்சான்று பெற்றவையும் கூடிய பயனடைந்தன. பெயரில்லாப் பொருளுக்கு விளம்பரம் பெயர் தேடித்தரும் என்பதைவிட, நல்ல பெயரை அறியாதவரிடம் அது கொண்டுசேர்க்கும் என்பதே இதனாற் பெறப்படுவது. அங்கும் விளம்பரம் இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

இலங்கைச் சூழலில் இவற்றோடு வேறு சிலவும் சேர்கின்றன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய ஆகிய இடங்களில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, முகநூலும் வட்ஸ்அப்பும் ஒரு வாரமளவில் நாடெங்கும் தடைசெய்யப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரல் 3-ஆம் திகதியும் மீண்டும் தடை வந்தது. முகநூற் பக்கமன்றி வேறு கடையில்லாத வணிகருக்கு அந்நாட்கள் ஊரடங்குக்குச் சமமாயின. 2018-இன் வெறுப்புப் பேச்சுக்குத் தன் தளம் இடங்கொடுத்தமைக்காக முகநூல் நிறுவனம் 2020-இல் மன்னிப்புக் கேட்டது. கடையின் பெயரைப் பரப்பிய அதே தெருவில் கடையை எரிக்கும் சொல்லும் பரவிற்று என்பதை, 1958-ஐயும் 1983-ஐயும் அறிந்தோர் வியப்பின்றி வாசிப்பர்.

மற்றையது நாணயம். முகநூல் விளம்பரத்தின் விலை டொலரோடு பிணைந்தது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதே விளம்பரம் இரண்டு மாதங்களில் முக்காற் பங்குக்கு மேல் விலையேறிற்று. வாங்குபவரின் சம்பளமோ ஏறவில்லை. எரிபொருளின்றிப் பொதி வாகனங்களும் நின்றன. மேலே காட்டிய கணக்கில் 1,000 ரூபாவுக்குப் பதில் 1,750 ரூபாவை இட்டுப் பார்த்தால், ஐந்து பொதிகளும் திரும்பாது விற்றாலும் நட்டமே. உல்லாசப் பயணத்தை நம்பியோரின் நிலை இதனினும் இக்கட்டானது. 2018-இல் இருபத்துமூன்று இலட்சத்தைக் கடந்த வெளிநாட்டார் வருகை, 2021-இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே சரிந்தது. பயணியே இல்லாத பாதையில் சாரதிக்கு எவ்வளவு தரகு கொடுப்பினும் வாகனம் வராது. 2024-இல் வருகை மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டியபோது பழைய தரகு முறையும் உடன் திரும்பியது.

இந்நெருக்கடிகளைக் கடந்து நிலைத்த சிறு விற்பனையாளர் பலரிடத்து ஒரு பழக்கம் காணப்படுகின்றது. விளம்பரத்தின் வழியாக முதன்முறை வந்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் குறித்துவைத்து, அவரை வட்ஸ்அப் பட்டியலிற் சேர்த்துக்கொள்கின்றனர். மிளகு அறுவடையானதும், புதிய பொடி அரைத்ததும் அப்பட்டியலுக்கு ஒரு செய்தி போகும். சிகிரியா வீட்டறைக்காரர் புறப்படும் விருந்தினர் கையில் தம் இலக்கம் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, நண்பர் எவரேனும் வந்தால் நேரே அழைக்குமாறு கேட்டுக்கொள்கின்றார். அட்டை அச்சிடும் செலவு மட்டுமே, தரகு இல்லை. சம்பளநாட் கொப்பி வேறொரு வடிவிற் திரும்பியுள்ளது. ஆனால் பழைய கொப்பி கடைக்காரரின் மேசை இழுப்பறையில் இருந்தது. வட்ஸ்அப்பை முகநூல் நிறுவனம் 2014-இல் விலைக்கு வாங்கியது. வணிகருக்கான அதன் தனிச் செயலி 2018-இல் வெளியாயிற்று. இலவசச் செயலியாற் சமாளிக்க முடியாத அளவுக்குப் பட்டியல் நீளுமாயின் கட்டணச் சேவைக்கு மாறவேண்டும். அங்கு அனுப்பும் செய்திகளுக்கு மீண்டும் விலை குறிக்கப்பட்டுள்ளது.